'நிரற்கூறு இல்லை' என்னும் பிழைச்செய்தி: பைத்தான் நிரலகங்களை நிறுவுதல் பற்றிய ஓர் ஆய்வு

இலக்கியச் சொற்களையும் ஊர்ப்பெயர்களையும் கல்வெட்டுத் தொடர்களையும் கணிப்பொறியின் துணைகொண்டு எண்ணியும் வகுத்தும் ஆராயும் வழக்கம் தமிழ்த்துறைகளிற் பரவி வருகின்றது. அவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது, நெதர்லாந்து நாட்டு அறிஞர் கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் என்னும் நிரல்மொழி. இதனைக் கற்கப் புகும் நம் மாணாக்கர் பலர் இலக்கணச் சிக்கலாலோ கணக்கின் கடுமையாலோ இடர்ப்படுவதற்கு முன்னரே, முதல் வரியை ஓட்டிய அளவில் ஒரு பிழைச்செய்தியைக் கண்டு நின்றுவிடுகின்றனர். 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்: நோ மாட்யூல் நேம்ட்' எனத் தொடங்கி, மேற்கோட்குறிக்குள் ஒரு பெயரைச் சுட்டி முடிவது அச்செய்தி. 'இப்பெயருடைய கூறு இல்லை' என்பது அதன் நேர்ப்பொருள். அச்செய்தி எக்காரணங்களால் எழுகின்றது, எம்முறையால் நீங்கும் என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

சொற்களைப் பற்றி ஒன்று கூறி மேற்செல்வோம். ப்ரோகிராம் எனப்படுவதனை நிரல் என்றும், ஒருவர் எழுதி வைத்துப் பிறர் தம் நிரலில் எடுத்தாளுதற்குரிய கோப்பாகிய மாட்யூலை நிரற்கூறு அல்லது கூறு என்றும், பல கூறுகளைத் தன்னகத்தே கொண்ட லைப்ரரியை நிரலகம் என்றும் வழங்குகின்றோம். கட்டளைகளை ஒலிவழித் தமிழெழுத்திற் காட்டுவோம். கணிப்பொறியில் அவற்றை உரோமன் எழுத்திலேயே தட்டுதல் வேண்டும்.

எண்ணிக்கை பிழைபடும் இடம்

நிரலகம் ஒன்றை நிறுவ இயலாமற்போவது தொழில்நுட்பத்தார்க்குரிய சிறு தொல்லை, அதனால் தமிழாராய்ச்சிக்கு வருவது யாது என்று வினவுவார் உளர். அவர்க்கு விடையாக ஓர் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம்.

வேப்பனப்பள்ளி என்பது கிருட்டிணகிரி மாவட்டத்தின் வடபகுதியில், கருநாடக ஆந்திர எல்லைகளை அடுத்து அமைந்த ஊர். 2004-இல் தருமபுரியினின்று பிரிக்கப்பெற்ற அம்மாவட்டத்தின் எல்லைப்புறத்தே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்குகின்றன. ஆகலின் அது ஊர்ப்பெயராராய்ச்சிக்கு வளமான களம். தமிழிலும் தெலுங்கிலும் 'பள்ளி' என நிற்கும் ஈறு, கன்னடத்தில் மொழிமுதற் பகரம் ஹகரமாகத் திரிந்தமையால் 'ஹள்ளி' எனவாயிற்று. அதுவே தமிழெழுத்தில் 'ஹள்ளி' என்றும் 'அள்ளி' என்றும் இருவகையாக எழுதப்பெறும். தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி, மாரண்டஹள்ளி எனவும் எழுதப்படுதல் காண்க. இவ்வெல்லைப்புறத்தைச் சார்ந்த முதுகலை மாணாக்கர் ஒருவர் தம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களையெல்லாம் திரட்டி, பள்ளி ஈற்றின இத்துணை, அள்ளி ஈற்றின இத்துணை, பட்டி ஈற்றின இத்துணை என வகுக்கக் கருதுகின்றார் எனக் கொள்வோம்.

அவர் பைத்தானிடம் 'வேப்பனப்பள்ளி' என்னும் பெயரின் நீளம் யாது எனக் கேட்பின், அது 13 என விடை தரும். நம் கணக்கில் அப்பெயர்க்கு எழுத்து எட்டே: வே, ப், ப, ன, ப், ப, ள், ளி. கணிப்பொறியில் இந்நாள் வழங்கும் யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக வைக்கப்பெற்றமையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். வகரமும் ஏகாரக் குறியும் இரண்டு. பகரமும் புள்ளியும் இரண்டு. இவ்வாறே கூட்டின் 13 ஆதல் காணலாம். இதுவேயன்றி, 2020 சனவரி முதல் நாளோடு ஆதரவு நிறுத்தப்பெற்ற பைத்தான் இரண்டாம் பதிப்பில், யூடிஎஃப்-8 முறையில் எழுதிய இதே பெயரின் நீளத்தைக் கேட்பின் 39 என விடை வரும். தமிழ்க்குறி ஒவ்வொன்றும் அம்முறையில் மூன்று பைட்டு இடங்கொள்ளும் ஆகலின். ஒரே ஊர்க்கு 39, 13, 8 என மூன்று எண்கள் கிடைப்பனவற்றுள் தொல்காப்பியம் கற்றார் ஏற்பது எட்டு ஒன்றனையே.

ஈற்றைப் பிரிப்பதிலும் இடர் உண்டு. இறுதி மூன்றெழுத்தைத் தருக எனக் கேட்பின் 'பள்ளி' வருதல் வேண்டும். பைத்தானோ இறுதி மூன்று குறிகளைத் தரும். அவை ஒரு புள்ளியும், ளகரமும், இகரக் குறியுமாம். மெய்யின்றிப் புள்ளி மட்டும் முன்னிற்க, அதன்பின் 'ளி' வருகின்ற இவ்வடிவம் எவ்விலக்கணத்தாலும் சொல்லாகாது. இதனைக் கொண்டு ஈறுகளை வகுத்தால், பள்ளியும் அள்ளியும் ஹள்ளியும் ஒன்றாகிவிடும். எதனை வேறுபடுத்தற்கு ஆராய்ச்சி தொடங்கிற்றோ அதுவே மறைந்துபோம். (எழுத்து ஒவ்வொன்றற்கும் ஒரு குறி வழங்கும் டேஸ்-16 என்னும் முறையைத் தமிழ்நாட்டரசு 2010-இல் யூனிகோட்டோடு உடன் ஏற்றதுண்டு. ஆயினும் நிரல்மொழிகளின் உலகில் யூனிகோடே நிலைபெற்றுவிட்டது.)

இவ்விடரைக் களைதற்பொருட்டு ஆக்கப்பெற்றதே 'ஓப்பன்-தமிழ்' என்னும் நிரலகம். தமிழிலேயே நிரல் எழுதுதற்குரிய 'எழில்' மொழியை ஆக்கிய முத்தையா அண்ணாமலை என்பாரும் அவரொடு சேர்ந்தோரும் இயற்றி, யாவரும் விலையின்றி எடுத்தாளும்படி வெளியிட்டது அது. அதன்கண் 'யூடிஎஃப்8' என்னும் கூற்றில் 'கெட்_லெட்டர்ஸ்' என்னும் செயல்முறை ஒன்று உளது. அதனிடம் வேப்பனப்பள்ளியைக் கொடுப்பின் எட்டெழுத்தையும் பிரித்து வரிசையாகத் தரும். யாப்பாராய்ச்சிக்கும் ஊர்ப்பெயராராய்ச்சிக்கும் வேண்டுவது இஃதே. இதனை நிறுவ முயன்று பிழைச்செய்தி கண்டு சலித்த மாணாக்கர், 'நிரலகம் வேலை செய்யவில்லை' எனக் கைவிட்டுப் பைத்தானின் நேர்க்கணக்கையே ஆய்வேட்டில் எழுதிவிடுவாராயின், அட்டவணையின் எண்கள் எல்லாம் பொய்க்கும். படிப்போர் அதனை அறிதற்கு வழியுமில்லை. நிறுவுதற் பிழையை நாம் பொருட்படுத்தற்குக் காரணம் இது.

'இல்லை' என்பதன் பொருள்

ஒரு நிரலில் 'இம்போர்ட்' என்னும் சொல்லைத் தொடர்ந்து ஒரு பெயர் வரின், பைத்தான் அப்பெயருடைய கூற்றைத் தேடத் தொடங்கும். முன்னரே ஏற்றப்பெற்ற கூறுகளுள் உளதா என முதற்கண் நோக்கும், பின் தன்னோடு பிறந்த கூறுகளுள் நோக்கும், அதன்பின் 'சிஸ்.பாத்' எனப் பெயரிய பட்டியலிற் கண்ட கோப்புறைகளை வரிசைமுறையே புகுந்து நோக்கும். அப்பட்டியலில் முதலிடம் பெறுவது, ஓட்டப்படும் நிரல் இருக்கும் கோப்புறை. அடுத்து வருவன பைத்தானுடன் வந்த செந்தரக் கூறுகளின் இருப்பிடங்கள். இறுதியில் நிற்பது, நாம் தனியே நிறுவும் நிரலகங்கள் சென்று சேரும் 'சைட்-பேக்கேஜஸ்' என்னும் கோப்புறை. பெயர் எவ்விடத்து முதலிற் காணப்படுகின்றதோ அவ்விடத்துத் தேடல் நின்றுவிடும். பட்டியல் முடியும்வரை காணப்படாவிடின் நாம் எடுத்துக்கொண்ட பிழைச்செய்தி எழும். 2016 திசம்பரில் வெளிவந்த 3.6-ஆம் பதிப்பிலிருந்தே இப்பிழைக்கு இத்தனிப்பெயர் வழங்குகின்றது. அதற்கு முன்னர் 'இம்போர்ட் எரர்' என்னும் பொதுப்பெயரே இருந்தது.

ஆகவே, செய்தியில் வரும் 'இல்லை' என்பது முழுமையான இன்மையைக் குறிப்பதன்று. இந்தப் பைத்தான், இந்தப் பெயரால், இந்தக் கோப்புறைகளில் தேடியபோது காணவில்லை என்பதே அதன் பொருள். ஒரு நூல்நிலையத்தில் ஏடு கிடைத்திலது என்பதனால் அந்நூலே இறந்துபட்டது என முடிபு கட்டுவார் நம்முள் எவரும் இலர்; யார் தேடினார், எங்குத் தேடினார், எப்பெயரால் தேடினார் என்றே வினவுவோம். அம்மூன்று வினாக்களே ஈண்டும் போதும். பிழைச்செய்தி கண்டவுடன் நிறுவற் கட்டளையை மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருப்பது, கண்ட அலமாரியையே மறுமுறை மறுமுறை துழாவுதல் போல்வதாம்.

பெயர் இரண்டாதல்

முதலில் பெயரை ஆராய்தல் எளிது. மாணாக்கர் இடறுவதும் பெரும்பாலும் இங்கேயே. மலைபடுகடாம் என்னும் பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயருண்டு. திருமுருகாற்றுப்படைக்குப் புலவராற்றுப்படை என்றொரு பெயர் உளது. ஒரு பெயரால் பதிந்து வைத்த பட்டியலில் மற்றொரு பெயரால் தேடுவார்க்கு நூல் கிடையாது. நிரலகங்கட்கும் இவ்வாறே இரு பெயர்கள் உள. ஒன்று, பொதுக் களஞ்சியமாகிய 'பைபிஐ'யிற் பதிந்த வெளியீட்டுப் பெயர்; 'பிப்' என்னும் நிறுவியிடம் சொல்லவேண்டுவது இது. மற்றொன்று, நிறுவியபின் கோப்புறையாக வந்து அமையும் உட்பெயர். 'இம்போர்ட்' வரியில் எழுதவேண்டுவது அது. இரண்டும் ஒன்றாயிருத்தல் பெரும்பான்மை, வேறாயிருத்தலும் சிறுபான்மையன்று.

ஓப்பன்-தமிழ் வேறாயிருக்கும் இனத்தைச் சார்ந்தது. 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' என நிறுவிய மாணாக்கர், தம் நிரலில் 'இம்போர்ட் ஓப்பன்_தமிழ்' என எழுதுவது இயல்பே. அப்பெயருடைய கோப்புறை எதுவும் இல்லாமையின் பிழைச்செய்தி வரும். எழுதவேண்டுவது 'இம்போர்ட் தமிழ்' என்பதே. அதுவும் டி, ஏ, எம், ஐ, எல் என்னும் ஐந்து சிறிய உரோமன் எழுத்துகளால் அமைந்தது. தமிழ் ஒலிக்கு அணுக்கமாகச் சிறப்பு ழகரத்தை வேறெழுத்தாற் குறிப்பினும், முதலெழுத்தைப் பெரியதாக எழுதினும் பைத்தான் வேறு பெயராகவே கொள்ளும். பிப் இவ்வகையில் நெகிழ்ச்சியுடையது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைக்கோடு, அடிக்கோடு ஆகியவற்றின் வேற்றுமையை அது பாராட்டுவதில்லை. நிறுவியின் நெகிழ்ச்சியை மொழியிடமும் எதிர்பார்த்தலே மயக்கத்திற்கு மூலம்.

பிற துறைகளிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல. வலைப்பக்கங்களினின்று உரையைப் பிரிக்கும் 'பியூட்டிஃபுல்சூப்4' என்பதன் உட்பெயர் 'பிஎஸ்4'. ஏட்டுச் சுவடிப் படங்களைக் கையாளுதற்கு உதவும் 'பில்லோ'வின் உட்பெயர் 'பிஐஎல்'. புள்ளியியலார் விரும்பும் 'சைகிட்-லேர்ன்' என்பது உள்ளே 'எஸ்கேலேர்ன்' ஆகும். உட்பெயரை அறிதற்குப் 'பைத்தான் -எம் பிப் ஷோ -எஃப்' எனத் தட்டி வெளியீட்டுப் பெயரைச் சேர்க்க. நிறுவப்பெற்ற கோப்புகள் அனைத்தும் இருப்பிடத்துடன் வரிசையாக வரும். அவற்றின் முற்பகுதியிற் காணும் கோப்புறைப் பெயரே நாம் தேடுவது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். பிழைச்செய்தியிற் கண்ட பெயரை அப்படியே எடுத்துப் பிப்பிடம் கொடுத்து நிறுவச் சொல்லுதல் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. பைபிஐ களஞ்சியத்தில் எவரும் எப்பெயராலும் நிரலகம் பதியலாம். புகழ்பெற்ற நிரலகங்களின் பெயரை ஒட்டிய பொய்ப்பெயர்களில் தீய நிரல்கள் பதியப்பெற்றிருந்தமையைச் சுலோவாக்கிய நாட்டின் பாதுகாப்பு அமைப்பினர் 2017-இற் கண்டு அறிவித்தனர். அதன் பின்னரும் அவ்வாறு பல கண்டு நீக்கப்பெற்றன. ஆதலின், நிரலகத்தை ஆக்கியோரின் விளக்கப் பக்கத்தில் உள்ள நிறுவற் பெயரை நோக்கிய பின்னரே கட்டளை தட்டுதல் நன்று. ஊகித்த பெயரை நிறுவுதல் கூடாது.

எந்தப் பைத்தான்?

பெயர் சரியாயிருந்தும் பிழை நீங்காவிடின், நிறுவிய பைத்தானும் ஓட்டிய பைத்தானும் ஒன்றா என வினவுதல் வேண்டும். ஒரு கணிப்பொறியிற் பல பைத்தான்கள் இருத்தல் கூடும். ஒவ்வொன்றற்கும் தனித்தனியே சைட்-பேக்கேஜஸ் உண்டு. ஒன்றில் நிறுவியது மற்றொன்றிற்குத் தெரியாது.

நம் மாணாக்கர் கையில் இருக்கும் கருவிகளை நோக்கின் இது தெளிவாகும். தமிழ்நாட்டரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி வந்த கருவிகள் பலவற்றில் விண்டோசும், சீடாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்சும் ஒருங்கே இருந்தன. பாஸ் லினக்சில் நிரலகத்தை நிறுவிவிட்டு மறுநாள் விண்டோசிற் புகுந்து நிரலை ஓட்டுவார்க்கு, ஒரே கருவியாயினும் அஃது இரண்டு வீடு. விண்டோசிலேயே, பைத்தான் தளத்தினின்று ஒன்றும், மைக்ரோசாஃப்ட் கடையினின்று ஒன்றும், அனகோண்டா என்னும் பெருந்தொகுப்பினுடன் ஒன்றும் எனப் பல சேர்ந்துவிடுதலும் உண்டு. விண்டோசு 7 உடைய பழங்கருவிகளில் 3.8-க்கு மேற்பட்ட பைத்தான் ஏறாது என்பதனையும் நினைவிற் கொள்க. புதிய நிரலகங்கள் பல அதனினும் உயர்ந்த பதிப்பை வேண்டுவன. அந்நிலையிற் பிப், பழம்பதிப்பு ஏதேனும் இருப்பின் அதனை நிறுவும். இல்லையேல் பொருந்துவது ஒன்றுமில்லை எனக் கூறி நிற்கும்.

இதனைக் காண வழி எளிது. நிரலின் தலையில் 'இம்போர்ட் சிஸ்' என எழுதி, 'சிஸ்.எக்சிகியூடபிள்' என்பதனை அச்சிடச் செய்க. ஓடுகின்ற பைத்தான் எக்கோப்புறையில் உளது என்பது தெரியும். பின்னர்ப் 'பிப் -வி' என, பெரிய வி எழுத்தாற் கேட்பின் அப்பிப் எந்தப் பைத்தானைச் சார்ந்தது என்பது தெரியும். இரண்டும் மாறுபடின் நோய் முதல் அதுவே. மாறுபடாமற் காத்தற்கு ஒரு முறை உண்டு: தனியே 'பிப்' எனத் தொடங்காமல், எப்பொழுதும் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' எனத் தொடங்குக. அப்பொழுது நிறுவுவதும் ஓட்டுவதும் ஒரே பைத்தானாகும். ஜூப்பிட்டர் ஏட்டில் வேலை செய்வோர், ஏட்டின் கட்டத்துள்ளேயே விழுக்காட்டுக்குறியை முன்னிட்டுப் 'பிப் இன்ஸ்டால்' எனத் தட்டின், அவ்வேடு சார்ந்த பைத்தானிற் சென்று சேரும். வெளிச் சாளரத்தில் நிறுவியது ஏட்டிற்கு எட்டாமற்போதல் பெருவழக்கு.

இவற்றினும் தூய வழி, ஆராய்ச்சி ஒவ்வொன்றற்கும் தனிச்சூழல் ஒன்றை அமைத்துக்கொள்ளுதல். 2012-இல் வெளிவந்த 3.3-ஆம் பதிப்பு முதல் 'வென்வ்' என்னும் கூறு பைத்தானுடனே வருகின்றது. 'பைத்தான் -எம் வென்வ் ஆய்வு' எனத் தட்டின் (கோப்புறையின் பெயரை உரோமன் எழுத்தில் அமைக்க) அப்பெயருடைய கோப்புறையில் தனக்கெனத் தனி நிரலகக் கூடம் உடைய பைத்தான் ஒன்று அமையும். 2023-இல் வந்த டெபியன் 12 முதலிய லினக்சு வெளியீடுகளில், அமைப்புக்குரிய பைத்தானில் பிப் கொண்டு நிறுவுதல் தடுக்கப்பெற்றுள்ளமையின், அங்கு இது விரும்பியார் செய்வதன்று, செய்தே ஆகவேண்டுவது. விண்டோசின் பவர்ஷெல்லில் சூழலை 'இயக்கும்' நிரல் சிலவிடத்துத் தடுக்கப்படும். அதற்காக மயங்கவேண்டா. கோப்புறையினுள் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்பதில் இருக்கும் பைத்தானை நேரே அழைத்தாலே போதும்.

தன் கோப்பே தனக்குப் பகையாதல்

இனிக் கூறுவது தமிழ்த்துறையார்க்கே சிறப்பாக நேர்வது. ஊர்ப்பெயர்களைப் பிரிக்கும் நிரலை எழுதிய மாணாக்கர் அதனை என்ன பெயராற் சேமிப்பார்? தமிழ் பற்றிய நிரலாதலின் 'தமிழ்' என்றே பெயரிட்டு, பைத்தான் கோப்புக்குரிய பிஒய் ஈற்றைச் சேர்த்து வைப்பார். நிரலகம் செவ்வனே நிறுவப்பெற்றிருக்கும். உட்பெயரும் சரியாகவே எழுதப்பெற்றிருக்கும். எனினும் 'இம்போர்ட் தமிழ்.யூடிஎஃப்8' என்னும் வரியில் பிழை வரும்: 'நோ மாட்யூல் நேம்ட் தமிழ்.யூடிஎஃப்8, தமிழ் இஸ் நாட் எ பேக்கேஜ்'.

தேடுமுறையை நினைவுகூர்ந்தால் காரணம் போதரும். பட்டியலின் முதலிடம் நிரல் இருக்கும் கோப்புறைக்கே உரியது. அங்கே 'தமிழ்' என்னும் பெயருடைய கோப்பு ஒன்று இருத்தலின், தேடல் அங்கேயே நின்றது. நிரல் தன்னையே நிரலகமாகக் கொண்டு, தன்னுள் யூடிஎஃப்8 என்னும் உட்கூறு உண்டோ எனத் தேடிற்று. கோப்புக்குள் கோப்பு இராதாகலின் 'தமிழ் என்பது தொகுப்பன்று' எனக் கூறிற்று. செய்தியின் பிற்பகுதியாகிய அச்சிறு தொடரைப் படிப்போர் மிகச்சிலர். அதுவே நோயைச் சுட்டும் தொடர். மருந்து, கோப்பின் பெயரை 'ஊர்ப்பெயர்_ஈறு' என்பது போல மாற்றுதல் ஒன்றே. இவ்விடர்ப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. செந்தரக் கூறுகளின் பெயராகிய 'ரேண்டம்', 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' முதலியவற்றைத் தம் கோப்புக்கு இட்டாரும் இதற்கு ஆளாவர்.

இதன் மறுதலையும் ஒன்றுண்டு. அது மேலும் வஞ்சகமானது. நிரலகம் நிறுவப்பெறவில்லை, ஆயின் தமிழ் நூல்களின் உரைக்கோப்புகளை இட்டு வைத்த கோப்புறை ஒன்று 'தமிழ்' என்னும் உரோமன் பெயரோடு நிரலின் அருகே உளது எனக் கொள்வோம். அப்பொழுது 'இம்போர்ட் தமிழ்' என்பது பிழையின்றி ஓடிவிடும். பைத்தான் அக்கோப்புறையையே வெறும் தொகுப்பாகக் கருதிக்கொள்ளும். 'நிறுவப்பெற்றது' என மாணாக்கர் மகிழ்வர். யூடிஎஃப்8 கூற்றை அழைக்கும்போதே அப்பண்பு இல்லை என வேறொரு பிழை எழும். ஐயம் உண்டாயின் 'தமிழ்.__ஃபைல்__' என்பதனை அச்சிட்டுப் பார்க்க. உண்மை நிரலகமாயின் சைட்-பேக்கேஜஸின் முகவரி வரும். வெறும் கோப்புறையாயின் முகவரி ஏதும் இராது.

நிறுவும்போதே கூறு இல்லாமை

சிலவிடத்து நம் நிரலை ஓட்டுதற்கு முன், பிப் நிறுவிக்கொண்டிருக்கும்போதே இப்பிழை தோன்றும். அங்கே இல்லாமற்போனது நாம் கேட்ட நிரலகமன்று. அதனைக் கட்டியெழுப்பத் துணையாக வேண்டிய வேறொரு கூறு. இதற்கு இந்நாளில் முதன்மையான எடுத்துக்காட்டு 'டிஸ்ட்யூட்டில்ஸ்'. நெடுங்காலம் பைத்தானுடனே வந்த இக்கூறு, 2023 அக்டோபரில் வெளிவந்த 3.12-ஆம் பதிப்பில் நீக்கப்பெற்றது. அதே பதிப்பு முதல், புதிதாக அமைக்கும் தனிச்சூழலில் 'செட்டப்டூல்ஸ்' என்னும் துணைநிரலகமும் தானே வருவதில்லை. அவை என்றும் இருக்கும் என நம்பி எழுதப்பெற்ற பழைய நிரலகங்கள் புதுப் பைத்தானில் 'நோ மாட்யூல் நேம்ட் டிஸ்ட்யூட்டில்ஸ்' எனத் தடுமாறுகின்றன. பல்கலைக்கழக ஆய்வுத்திட்டங்களில் ஆக்கி வெளியிட்டுப் பின்னர்ப் பேணாது விட்ட மொழியாய்வு நிரலகங்களில் இது மிகுதி. மானியம் முடிந்தவுடன் நிரலும் அநாதையாகும் வழக்கத்தை நாம் மாற்றாதவரை இதுவும் மாறாது.

இவ்விடத்து மூன்று வழிகள் உள. நிரலகத்தின் புதிய பதிப்பு வந்துளதா என நோக்கி அதனை நிறுவுதல் முதல் வழி, அதுவே சிறந்தது. அஃது இன்றெனின், 3.11-ஆம் பதிப்புப் பைத்தானைத் தனியே நிறுவி, அதனைக் கொண்டு ஒரு சூழல் அமைத்து அதில் ஓட்டுக. இரண்டும் இயலாதவழி, சூழலில் செட்டப்டூல்ஸை முன்னதாக நிறுவினால், நீங்கிய டிஸ்ட்யூட்டில்ஸுக்கு ஈடானதொன்றை அது தரும். ஆயினும் அஃது ஒட்டுப்போட்ட மருந்தே.

'நம்பை' முதலியன நிறுவப்பெற்றிருந்தும் 'நோ மாட்யூல் நேம்ட் நம்பை' என நிறுவும்போது வருதல் மற்றொரு வகை. 2018-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு முதல் பிப், நிரலகத்தைக் கட்டுதற்குத் தனியறை ஒன்றை அமைக்கும் முறையை மேற்கொண்டது. ஆக்கியோர் எழுதிவைத்த தேவைப்பட்டியலில் உள்ளவை மட்டுமே அவ்வறைக்குட் செல்லும். பட்டியலில் நம்பையைக் குறிக்க மறந்திருந்தால், நம் சூழலில் அஃது இருந்தும் பயனில்லை. வேண்டிய துணைகளை நாமே முன்னர் நிறுவிக்கொண்டு, 'நோ-பில்ட்-ஐசொலேஷன்' என்னும் விருப்பத்தைக் கட்டளையிற் சேர்ப்பின் அறை நீங்கும்; நம் சூழலிலேயே கட்டுதல் நடைபெறும். எவ்வகைப் பிழையாயினும், செய்திக்குவியலைக் கண்டு அஞ்சாது, இறுதி வரியில் எக்கூற்றின் பெயர் உளது என்பதனை முதலிற் படித்தல் வேண்டும். அது நாம் கேட்ட பெயரா, கேளாத பெயரா என்பதனாலேயே வகை துணியப்படும்.

பதிவும் இணையமில்லா இடமும்

நிறுவல் வெற்றியுற்றபின் அதனைப் பதிந்துவைத்தல் ஆராய்ச்சி முறைமை. பதிப்பாசிரியர், தாம் ஒப்புநோக்கிய ஏடுகள் யாவை, எங்கிருந்து பெற்றவை என முகவுரையில் எழுதுவது போல, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பைத்தானின் பதிப்பெண்ணும் நிரலகங்களின் பதிப்பெண்களும் இடம்பெறுதல் வேண்டும். 'பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ்' எனத் தட்டின் சூழலில் உள்ள நிரலகங்கள் பதிப்பெண்ணோடு வரும். அதனை ஒரு கோப்பிற் சேமித்து ஏட்டுடன் வைத்தால், பிறரும் அதே சூழலை மீண்டும் அமைத்து நம் எண்களைச் சரிபார்க்கலாம். நம் துறைகளில் நெறியாளர் பலர் மேற்கோள் அடிக்குறிப்பின் காற்புள்ளியைக்கூட ஆராய்கின்றனர். இதனைக் கேட்பாரைக் காண்டல் அரிது. வாய்மொழித் தேர்வில் ஒரு வினாவேனும் இதுபற்றி எழுப்பப்பெறுதல் நன்று என்பது நம் கருத்து.

வீட்டில் இணையம் இல்லாத மாணாக்கர் கல்லூரியிலேயே நிரலகத்தைப் பெற்றுச் செல்லலாம். கல்லூரிக் கணிப்பொறியில் 'பைத்தான் -எம் பிப் டவுன்லோடு ஓப்பன்-தமிழ்' எனத் தட்டினால், நிரலகமும் அதன் துணைகளும் கோப்புகளாக இறங்கும். அவற்றைப் பென்-டிரைவில் எடுத்துச்சென்று, வீட்டில் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்பதனோடு 'நோ-இண்டெக்ஸ்' என்னும் விருப்பத்தையும், கோப்புறையைச் சுட்டும் 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்னும் விருப்பத்தையும் சேர்த்தால் இணையமின்றியே நிறுவப்பெறும். முழுதும் பைத்தானிலேயே எழுதிய ஓப்பன்-தமிழ் போன்றவற்றிற்கு இது தடையின்றி நிகழும். நம்பை போலச் சி மொழிப் பகுதி உடையவற்றிற்கு, இரு கணிப்பொறிகளின் இயக்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒத்திருத்தல் வேண்டும். லினக்சில் இறக்கியது விண்டோசில் ஏறாது. நிறுவி முடித்தவுடன் 'வேப்பனப்பள்ளி' என்னும் பெயரைக் கெட்_லெட்டர்ஸிடம் கொடுத்து எண்ணச் செய்க. எட்டு என வருமாயின் ஊர்ப்பட்டியலைத் திறக்கலாம். 13 என வருமாயின், நிரல் இன்னும் பைத்தானின் நேர்க்கணக்கையே அழைத்துக்கொண்டிருக்கின்றது எனக் கொண்டு, அவ்வரியைத் திருத்துக.